பாஸ் கிட்டாரில் கோளாறு எங்கே? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

வீட்டில் பாஸ் வாசித்து லேப்டாப்பில் பதிவு செய்கிறவர்களுக்கு வரும் தொல்லைகள் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். தேடும் இடம்தான் பெரும்பாலும் தப்பு. கம்பி இரைந்தால் ஈக்யூவைத் (கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) திருகுகிறோம், கை சீராக இல்லையென்றால் சத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் தேடுகிறோம், அறை குழப்பினால் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மேல் பழி போடுகிறோம். ஒலி போகும் பாதை ஒன்றுதான்: கை, கம்பி, மரம், பிக்கப், கேபிள், இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), மென்பொருள், ஸ்பீக்கர், அறை. கோளாறு இதில் எங்கே நுழைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காசே ஆகாது.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் சோதனை இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிட்டாரின் மேல் கொம்பில் காதை அழுத்தி வைத்து அதே பகுதியை வாசியுங்கள். ஆம்ப் இல்லாமலேயே ஒலி நன்றாகக் கேட்கும். தொல்லை அப்போதும் கேட்டால் அது கை, கம்பி, மரம் இந்த மூன்றில் ஒன்று. கேட்கவில்லையென்றால் பிக்கப்புக்கு அடுத்து எங்கேயோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

கம்பி இரைகிறது, ஃப்ரெட்டில் அடிபடுகிறது

எங்கே இரைகிறது என்பதுதான் கேள்வி. திறந்த கம்பி மட்டும் இரைந்து, எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் சத்தம் நின்றால், தலைப்பக்கம் இருக்கும் நட்டில் அந்தக் கம்பியின் பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலே தூக்கியிருக்கிறது. முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் இரைந்து மேலே போகப் போகச் சரியானால் நெக் தேவைக்கு மேல் நேராக இருக்கிறது, அல்லது பின்னால் வளைந்திருக்கிறது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல்தான் என்றால், கம்பி உடம்பில் மாட்டியிருக்கும் பிரிட்ஜில் அதன் உயரம் குறைவு. எல்லா இடத்திலும், ஆனால் வேகமாக அடிக்கும்போது மட்டும் என்றால் காரணம் உங்கள் வலது கை.

நெக்கின் வளைவை அளக்கக் கருவி வேண்டாம். கம்பிகளைச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகு, மிகத் தடித்த ஈ கம்பியை (தடித்ததிலிருந்து மெலிந்தது வரை வரிசை: ஈ, ஏ, டி, ஜி) முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு ஸ்கேல். 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். தடிமனான விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லையென்றால் நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடை இடப்பக்கம் தளர்த்த வேண்டும். அதிகமாக இருந்தால் வலப்பக்கம் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பிறகு மறுபடி சுருதி சேர்த்து, சில மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். சரியான அளவு ஆலன் கீ இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். முனை மழுங்கிய ட்ரஸ் ராடைச் சரி செய்வது புது கம்பி செட்டை விட எத்தனையோ மடங்கு செலவு. திருகவே மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் இந்த அளவு வருஷம் முழுக்க அப்படியே நிற்காது. ஏசி அறையிலேயே கிடந்த கிட்டாருக்கு ஐப்பசி மழைக்காற்று பட்டால் நெக் நகரும். மே மாதம் செட் செய்ததை மழைக்காலத்தில் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

கம்பி உயரத்துக்கு ஃபெண்டர் நிறுவனம் சொல்லும் அளவு, 17ஆம் ஃப்ரெட் பக்கம் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. தொடங்க நல்ல இடம். அப்புறம் ஒன்று: பிளக் போடாமல் கேட்கும் லேசான இரைச்சல், ஆம்பிலோ பதிவிலோ வராவிட்டால் அதைக் கோளாறாக நினைக்கத் தேவையில்லை. அதைத் துரத்திக் கம்பியை மேலே மேலே ஏற்றி, கடைசியில் வாசிக்கவே கை வலிக்கும் கிட்டார்கள் நிறைய உண்டு.

ஒரு நோட் மட்டும் சட்டென்று செத்துப்போகிறது

ஜி கம்பியில் 5 முதல் 7ஆம் ஃப்ரெட்டுக்குள் ஒரு நோட் மற்றவற்றைப் போல நீளாமல் ‘டப்’ என்று அடங்கினால் கவலைப்படாதீர்கள். ஃபெண்டர் பாணி பாஸ்களில் இது பிறவிக் குணம். அந்த நோட்டின் அதிர்வெண்ணில் நெக்கும் சேர்ந்து ஆடுகிறது, கம்பியின் ஆற்றலைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. ஃப்ரெட்டைத் தேய்த்தாலும் பிக்கப்பை மாற்றினாலும் போகாது. தலைப்பக்கம் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டி எடை கூட்டினால் செத்த இடம் ஒன்றிரண்டு ஃப்ரெட் நகரும், அவ்வளவுதான். நீண்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் அதே நோட்டை டி கம்பியில் 10 முதல் 12ஆம் ஃப்ரெட்டுக்குள் வாசித்துவிடுங்கள். பதிவுக்கு அதுவே போதும்.

ட்யூனர் சரி என்கிறது, காது இல்லை என்கிறது

12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து ஹார்மானிக் எடுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். அழுத்திய நோட் கூர்மையாக இருந்தால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், தாழ்வாக இருந்தால் நெக் பக்கம் கொண்டு வாருங்கள். ஆனால் பழைய கம்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண் வேலை. அழுக்கும் தேய்மானமும் கம்பியின் எடையை இடத்துக்கு இடம் மாற்றிவிடும், எங்கே வைத்தாலும் சேராது.

சாடிலும் கம்பியும் சரியாக இருந்தும் மேலே போகப் போக நோட் நெளிந்தால் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருக்கும். காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, ஈ கம்பிக்குக் கீழே 3 மி.மீ. பக்கம் இடைவெளி வரும்படி பிக்கப்பை இறக்கிப் பாருங்கள்.

இன்னொரு வகை: தனியாக வாசித்தால் எல்லாம் சரி, இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கூட வாசித்தால் மட்டும் ஒட்டவில்லை. நம்மில் பாதிப் பேர் பாஸைக் கையில் எடுத்ததே அந்த வரிகளுக்காகத்தான், அதனால் இது அடிக்கடி வரும். டேப் காலத்துப் பதிவுகள் பல, 440 ஹெர்ட்ஸ் அளவுகோலில் அப்படியே உட்காருவதில்லை. டேப் ஓடிய வேகமே கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும். பாட்டை மென்பொருளில் சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற்றி இறக்குங்கள், அல்லது ட்யூனரின் அளவுகோலை 436, 444 என்று நகர்த்திப் பாருங்கள். கிட்டாரைத் தொட வேண்டாம்.

எல்லாம் கலந்து சேறாகக் கேட்கிறது

பொழுதுபோக்காக வாசிக்கிறவர்களின் பதிவில் அதிகம் கேட்கும் குறை இதுதான். உடனே 250 ஹெர்ட்ஸைக் குறைக்கச் சொல்லி அறிவுரை வரும். அதற்கு முன்னால் ஒரு சோதனை: ஜி கம்பியில் ஒரு நோட்டை ஓங்கி வாசித்து, இடது கையால் அந்தக் கம்பியை மட்டும் சட்டென்று அடக்குங்கள். பிறகும் ஏதாவது முனகுகிறதா? அது ஈ, ஏ கம்பிகள், தாமாகவே சேர்ந்து அதிர்கின்றன. அந்த முனகல் நான்கு நிமிடப் பாட்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த ஈக்யூவும் அதை எடுக்காது.

அடக்குவது இரண்டு கைக்கும் உள்ள வேலை. வலது கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் நிரந்தரமாக ஊன்றி வைக்காதீர்கள். ஜி கம்பிக்குப் போகும்போது கட்டைவிரல் ஏ கம்பி மேலும், அதன் பக்கவாட்டு ஈ கம்பி மேலும் படியட்டும். டி கம்பி, விரல் ஜி கம்பியை இழுத்து வந்து ஓயும் இடம், தானாகவே அடங்கும். மேல் கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு இறங்கும்போது அதே விரலை அப்படியே அடுத்த கம்பிக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள், விரலை மாற்ற வேண்டாம். இடது கையில் வேலை இல்லாத விரல்கள் காற்றில் நிற்காமல் கம்பிகள் மேல் லேசாகப் படுத்திருக்கட்டும். ஃப்ரெட் வாசிக்காமல் ஒரு பத்து நிமிடம் வலது கைக்கு மட்டும் இதைப் பழக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பதிவில் முதலில் தெரிவது இந்த மாற்றம்தான்.

இதற்கு எளிய வழியும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்ட ஃபெண்டர் பிரிசிஷன் பாஸில் வலது ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தார். அந்தக் காலத்து ஃபெண்டர் பாஸ்களின் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் கம்பியை அடக்கத் துண்டு ஸ்பாஞ்ச் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களின் கரோல் கே பிக் வைத்து வாசித்தார், கம்பி மேல் ஃபெல்ட் துணியைப் போட்டு அடக்கினார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் சொருகிப் பாருங்கள். பழைய தமிழ், இந்திப் பாட்டுகளின் பாஸ் மாதிரி, தட்டினால் உருண்டையாக எழும்பி உடனே அடங்கும் ஒலி கிடைக்கும்.

ஒரு நோட் பெரிசு, ஒரு நோட் சிறிசு

மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரே கம்பியில் ஒரே நோட்டைக் கால் கால் பீட்டாக ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்காதீர்கள், அலைவடிவத்தைப் பாருங்கள். ஒன்று விட்டு ஒன்று உயரமாக இருந்தால் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் பலம் ஒத்துப்போகவில்லை. பாரம் குறைந்த விரலை மட்டும் வைத்து வாசித்துப் பழகினால் சில வாரங்களில் சமமாகும். உயரம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தால் கை களைக்கிறது, அதாவது தேவைக்கு மேல் அழுத்தி அடிக்கிறீர்கள். கெயினை ஏற்றிவிட்டு மெதுவாக அடியுங்கள். தாறுமாறாக இருந்தால் விரல் கம்பியைத் தொடும் இடம் நெக் பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் அலைகிறது. ஒரு கம்பி முழுக்கவே மெலிந்திருந்தால் மட்டும்தான் அது பிக்கப் உயரத்தின் குற்றம்.

கம்ப்ரஸர் இதற்கெல்லாம் பிறகு. 4:1 விகிதம், 20 முதல் 40 மில்லிசெகண்ட் அட்டாக் (கம்ப்ரஸர் வேலை தொடங்க எடுக்கும் நேரம்), உச்சத்தில் 3 முதல் 6 டெசிபல் வரை குறைப்பு. இதில் ஆரம்பியுங்கள். அட்டாக்கை மிகவும் குறைத்தால் விரல் படும் அந்த முதல் ‘டொக்’ போய்விடும். பாஸ் எங்கே வாசிக்கிறது என்று காதுக்குக் காட்டுவதே அதுதான்.

இடது கை வலிக்கிறது

34 இஞ்ச் நீளக் கம்பியில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளுக்கு விரலுக்கு ஒன்று என்று நீட்டி வைக்கச் சொல்வது எல்லாக் கைக்கும் ஒத்துவராது. டபுள் பாஸ்காரர்களின் சிமாண்டல் முறையில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் மூன்று ஃப்ரெட்டைப் பார்த்துக்கொள்ளும், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும். 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வேண்டுமானால் விரலுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றி மணிக்கட்டை நேராக்குங்கள். மரத்துப்போவதோ சுள்ளென்ற வலியோ வந்தால் அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. அது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

‘ம்ம்ம்’ என்று இரைச்சல்

முதலில் ஓர் எச்சரிக்கை. கம்பியைத் தொட்டால் கையில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் வரும் ஜி நோட் 49 ஹெர்ட்ஸ், திறந்த ஜி கம்பி 98. மின் இரைச்சல் 50, 100 என்று கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து உட்காருகிறது. அதனால்தான் இதை ஈக்யூவால் வெட்டி எடுக்க முடியாது. வெட்டினால் ஜி நோட்டும் கூடவே போகும். மூலத்திலேயே பிடிக்க வேண்டும்.

கிட்டாரைக் கையில் வைத்தபடி நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். திசைக்கேற்ப இரைச்சல் ஏறி இறங்கினால் பிக்கப் காற்றிலிருந்து அதை வாங்குகிறது. 1960இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பாஸின் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் திறந்தால் இப்படித்தான் இரையும். இப்போது கிடைக்கும் பெரும்பாலான ஜாஸ் வகைப் பாஸ்களில் இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். பிரிசிஷன் பாஸுக்கு 1957இலிருந்தே காயிலை இரண்டாகப் பிரித்துப் போட்டு இதைத் தீர்த்துவிட்டார்கள். அறையில் சுற்றித் திருகும் வகை ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மலிவான எல்இடி பல்பு ஒவ்வொன்றையும் அணைத்துப் பாருங்கள். இவற்றிலிருந்து வருவது மென்மையான ‘ம்ம்’ அல்ல, ‘ஸ்ர்ர்’ என்று முள்ளோடு வரும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படியே இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். பல வீடுகளில் விஷயம் இதோடு முடிந்துவிடும். மௌஸை நகர்த்தினால் ‘கீச்’ என்று சத்தம் மாறினால் அது யுஎஸ்பி வழியாக வருகிறது. வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. உங்கள் உடம்பு ஆன்டெனா, கம்பி அதை எர்த் செய்கிறது. குறைவது ரொம்பவே அதிகமாக இருந்தால் கிட்டாரின் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டிப் பலன் பார்க்கலாம். தொட்டால் கூடுகிறது என்றால் உள்ளே எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஜாக்கில் வயர் மாறியிருக்கிறது.

ஆம்பில் நன்றாக இருக்கிறது, பதிவில் மந்தமாக இருக்கிறது

இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ பட்டனைப் பாருங்கள். பேட்டரி இல்லாத பாஸின் பிக்கப்புக்குச் சுமார் 10 லட்சம் ஓம் உள்ள நுழைவாயில் வேண்டும். லைன் இன்புட்டில் அது பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அதில் செருகினால் மேல் ஒலியெல்லாம் அங்கேயே செத்துவிடும்.

ஆக்டிவ் பாஸ் (பேட்டரியில் ஓடுவது) கரகரத்தால் முதலில் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். அதில் பிளக்கைச் செருகும்போதுதான் பேட்டரி ஆன் ஆகிறது, எனவே வாசிக்காதபோதும் கேபிளோடு விட்டால் பேட்டரி வீணாகத் தீரும். ஒலியே வரவில்லையென்றால் கேபிள் முனையில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வளையம் உள்ள ஸ்டீரியோ கேபிள் பேட்டரியை ஆன் செய்யாமல் விட்டுவிடலாம்.

24 பிட்டில் பதிவு செய்தால் மீட்டர் உச்சம் −12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட வைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டுவது) வாசிப்பவர்கள் ஒத்திகையில் அடிப்பதைவிடப் பதிவில் எப்போதும் ஓங்கி அடிப்பார்கள், அதற்கும் இடம் வையுங்கள்.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே இடைவெளி

புளூடூத் ஹெட்போனா? கழற்றி வைத்துவிட்டு வயர் உள்ளதை மாட்டுங்கள். மற்றபடி பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) கணக்குதான். நொடிக்கு 48,000 மாதிரி என்றால் 128 பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட், 1024க்கு 21. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை, டிரைவர் எடுப்பது தனி. பதிவின்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. லேப்டாப் திணறினால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் (லேப்டாப்புக்குப் போகாமல் நேரே ஹெட்போனுக்கு வரும் ஒலி) கேட்டுக்கொண்டு வாசியுங்கள்.

என் அறையில் இடிக்கிறது, மற்றவர் போனில் காணவே காணோம்

இது இரண்டு தனித்தனிக் கோளாறு சேர்ந்து வருவது. இடிப்பது அறை. பத்துக்குப் பத்து அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால் அந்த இடைவெளி 56 ஹெர்ட்ஸுக்கு ஒத்து ஊதும். திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். கூரையும் பத்தடி என்றால் மூன்று திசையும் ஒரே நோட்டைத் தூக்கிப் பிடிக்கும். நம் ஊர்ச் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் அந்த ஒலியை வெளியே விடாது. மூலையில் உட்கார்ந்தால் ஏ நோட் வயிற்றைக் கலக்கும். நட்ட நடுவே உட்கார்ந்தால் அதே நோட் மறைந்துபோகும். நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து மிக்ஸில் அதைக் குறைப்பீர்கள் அல்லது ஏற்றுவீர்கள். இரண்டும் தப்பு. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் இந்த அதிர்வெண்ணுக்கு ஒன்றும் நடக்காது. முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கீழ் ஒலி பற்றிய முடிவுகளை நல்ல ஹெட்போனில் எடுங்கள்.

போனில் காணாமல் போவதற்குக் காரணம் போன் ஸ்பீக்கர். ஈ கம்பியின் அடிப்படை ஒலி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் 82, 124, 165, 206 என்று அதன் மடங்குகளில் மேலே உள்ளவை கேட்டாலே மூளை கீழ் நோட்டைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். எனவே கீழ் ஒலியை ஏற்றுவது பயனில்லை, மடங்குகளை உண்டாக்க வேண்டும். பாஸ் டிராக்கைப் பிரதி எடுத்து, பிரதியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, டிஸ்டார்ஷன் போட்டு, மூலத்துக்கு அடியில் தனியாகத் தெரியாத அளவுக்குக் கலந்துவிடுங்கள். 700 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் இரண்டு டெசிபல் தூக்கினால் விரல் ஒலியும் வெளியே வரும். மூல டிராக்கில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எடுத்துவிடலாம், நான்கு கம்பிப் பாஸில் அங்கே இசை எதுவும் இல்லை.

கிக் டிரம்மோடு மோதினால் இருவரில் யார் கீழே இருப்பது என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். கிக்கை 60இல் விட்டால் பாஸுக்கு 90 பக்கம் இடம் கொடுங்கள். கிக் இல்லாமல் தபலாவோ டோலக்கோ உள்ள பாட்டில் மோதுவது இடது பக்கத்தின் வழுக்கும் ஒலி. அது நோட்டுக்கு நோட்டு நகர்வதால் நிலையான ஈக்யூ சரிப்படாது. அந்த இடங்களில் பாஸ் நோட்டை முன்கூட்டியே முடித்துவிட்டால் போதும்.